கிர்க்கீ கவரும் ஏழாவது விதியும்

— அந்த ஏழாவது விதிய அடிச்சாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன், கிருஷ்ணஸ்வாமி சார். பஸ், போதும். இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

— கையெழுத்து அப்புறம் போடலாம், சிரில். முதல்லேர்ந்து ஒரு தரம் வாசி. எல்லாத்தையும் சேத்துக் கேட்டாத்தான் எதுக்கு எது வேணும்னு புரியும், கேட்டியோ.

— நீங்களே வாசிங்களேன். உங்க முன்னாலதான கிடக்கு.

— உன் கோழிக்கிறுக்கலை உன்னைத் தவிர யார் வாசிப்பா? வாசி, கேக்கறேன்.

— ஏங்க, வாசிச்சுத்தான் காட்டுங்களேன். சார் கோத்ருட்லேர்ந்து இந்த வெயில்ல போபோடியில நம்ம வீடு வரைக்கும் வந்திருக்காவ. வந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் ஏழு ஏழுன்னு முட்டிக்கிட்டு நிக்கிய. சார், இந்தாங்க டீ. அங்க இல்ல சார், இங்க. இந்தாங்க, பிடிச்சுக்கிடுங்க.

— தேங்க்ஸ் மேவிஸ். சக்கரை கம்மியாத்தானே போட்டே?

— சரி, வாசிக்கேன். இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, தமிழ்ல சொல்லுதேன். ஸ்டாம்புக் கண்காட்சிப் போட்டி, நம்ம ஊரு மூணு கிளப்புக்கு மட்டும். கட்கி, கேம்ப், டெக்கன். கிளப்புக்கு அஞ்சு பேரு. இது ரெண்டுலயும் தகராறு இல்ல. மூணாவது, பக்கங்கள மாட்டி வைக்கிற ஃப்ரேம் மேல நம்பர் மட்டும்தான் இருக்கணும், ஆள் பேரோ கிளப் பேரோ இருக்கக் கூடாது. நாலாவது, ஸ்டாம்பும் பழைய தபால் கவரும் சொந்தமா இருக்கணும், இரவல் வாங்கி வைக்கக் கூடாது.

— அது ரொம்ப முக்கியம். டெக்கன்ல ஒருத்தர் மாமனார் ஆல்பத்தையே தூக்கிண்டு வந்தார்.

— அஞ்சு, ஜெராக்ஸ் ஒட்டக் கூடாது. ஆறு, கிழிசல ஒட்டினது, ஸ்டாம்பு ஓரத்துப் பல்லு வெட்டினதுன்னு எது இருந்தாலும் அந்தப் பக்கத்துலயே எழுதிச் சொல்லிரணும். ஏழு. கலந்துக்கிடுறவங்க தங்க ஃப்ரேம் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு பக்கத்துலயும் என்ன இருக்குன்னு நடுவருக்கு வாயால சொல்லணும். சொல்லாத ஃப்ரேமுக்கு மார்க் கிடையாது. இது நான் எழுதினதில்ல சார். நீங்க போன்ல சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கை கூசிச்சு.

— எட்டையும் ஒம்பதையும் விட்டுட்டியே.

— எட்டு, ஜெயிக்கிறவரு மும்பைக்கு, மாநிலக் கண்காட்சிக்குப் போவாரு. ஒம்பது, நடுவர் தீர்ப்பே இறுதியானது. நடுவர் யாருன்னு நான் சொல்ல வேண்டாம்.

— குத்திக் காட்டறயா?

— குத்தல சார். கேக்கேன். மூணாவது விதியக் கொண்டு வந்தது யாரு? ஆள் யாருன்னு தெரிஞ்சா ஜட்ஜ் மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்னு, கட்கி கிளப் ஆரம்பிச்ச புதுசுல எங்களுக்குப் பாடம் எடுத்தது நீங்க. ஸ்டாம்புக்குப் பக்கத்துல எழுதி வச்சிருக்கிறதுதான் பேசணும், ஆளு பேசக் கூடாதுன்னு சொன்னிய. இப்ப ஃப்ரேமுக்குப் பக்கத்துல ஆளையே கொண்டாந்து நிறுத்தினா, மேல நம்பர் எதுக்கு?

— காலம் மாறிடுத்து. பாதிப் பேர் கம்ப்யூட்டர்ல தட்டி ஒட்டிடறா. அவா சேத்ததா, காசு குடுத்து வாங்கினதான்னு வாயைக் கிண்டினாத்தான் தெரியும். நின்னு நாலு வார்த்தை சொல்லச் சொன்னா என்ன தப்பு?

— என்ன சார் இப்படிக் கேக்குதிய? எங்க சவரிமுத்து அண்ணனுக்குப் பேச்சு இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா? போன வருசம் கார்கில் சண்டை நேரத்துல தொண்டையில ஆபரேசன் பண்ணி, குரலையே எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்திய. ஆரஞ்சு வாங்கிட்டு வந்திய.

— மறக்கலைம்மா மேவிஸ்.

— தாபோடியில அண்ணன் வீட்டுல ஜன்னலக் கூடத் திறக்காமக் கிடந்தாவ சார். யாராவது வந்தா உள்ளறைக்குப் போயிக் கதவச் சாத்திக்கிடுவாவ. நான் போனாக்கூட அப்படித்தான். போட்டி வருதுன்னு இவங்க போயிச் சொன்ன பெறவுதான் முகத்த ஷேவ் பண்ணிக்கிட்டு மேசையில உக்காந்தாவ. இப்ப சாப்பாடு கூட அங்கதான். அந்த ஃப்ரேம் போகலைன்னா அண்ணன் திரும்ப உள்ள போயிருவாவ. அப்புறம் வெளிய கொண்டு வர எங்களால ஆகாது.

— மச்சான்கிட்ட சிலேட்டு இருக்கு சார். என்ன கேட்டாலும் டக்குனு எழுதிக் காட்டுவாரு. அதையாவது ஒத்துக்கிடுங்க. 'வாயால அல்லது எழுத்தால'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடுதேன்.

— சிலேட்டு போறாது.

— ஏன் போறாது?

— போறாதுன்னா போறாது, சிரில். காதுல விழணும்.

— அப்ப அண்ணனுக்குப் பதிலா நான் நிக்கேன் சார். எந்தக் கவர் எங்க கிடைச்சதுன்னு எனக்கு எல்லாம் மனப்பாடம். நான் சொல்லுதேன்.

— ரொம்ப நல்லதாப் போச்சு. தங்கை சொல்லட்டும். 'அவரோ, அவருக்காக ஒருத்தரோ'ன்னு எழுதிக்கோ, சிரில். தகராறு தீந்தது.

— தீரல. மேவிஸ், நீ இத என்கிட்டக் கேக்காம எதுக்குச் சொல்லுத? மச்சான்கிட்ட நான் அதையும் கேட்டுப் பாத்தாச்சு. சிலேட்டுல என்ன எழுதினாரு தெரியுமா சார்? 'என் கவரை நான் காட்டுவேன். எனக்காக யாரும் வாயாட வேண்டாம்.' எழுதிட்டு அடியில ரெண்டு கோடு போட்டாரு. கோடு போட்ட வேகத்துல சாக்பீஸ் உடைஞ்சு போச்சு.

— பிடிவாதக்காரன்.

— ஃபாக்டரில ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு, தூங்காம நேரா ஜுனா பஜார் போயி, பழைய இரும்புக்கும் கிழிஞ்ச செருப்புக்கும் நடுவுல ஒவ்வொண்ணாப் பொறுக்கிச் சேத்த மனுசன் சார். பிடிவாதம் இல்லாம வருமா? மேவிஸ், அந்தக் கவர எடுத்துட்டு வா. சார் பாக்கட்டும். பாத்துட்டுச் சொல்லட்டும், இது ஃப்ரேமுக்குப் போகணுமா, தாபோடியில பீரோவுக்குள்ள கிடக்கணுமான்னு.

— இந்தாங்க சார். ப்ளாஸ்டிக்லேர்ந்து எடுத்து அட்டை மேல வச்சிருக்கேன். ட்வீசர் பக்கத்துலயே இருக்கு.

— இதுல என்ன இருக்கு? சொல்லேன், சிரில்.

— பாக்குதியள்ல.

— உன் வாயால சொல்லு. கேக்கணும் போல இருக்கு.

— கிர்க்கீ கவர். கட்கிக்கு வெள்ளக்காரன் வச்ச பேரு போட்ட முத்திரை. மொத உலக யுத்தத்துல மெசபடோமியாவுக்குப் போன சிப்பாய்க்கு அவன் வீட்டுலேர்ந்து போட்ட கடுதாசி. போன எடத்துல ஆள் இல்ல. அடுத்த முகாமுக்கு அனுப்பியிருக்கான், அங்கயும் இல்ல. போற வழியெல்லாம் ஒரு முத்திரை குத்திக் கடைசியில இங்கயே திரும்பி வந்திருச்சு. உறையப் பிரிக்கவே இல்ல. ஜுனா பஜார்ல உடைஞ்ச தையல் மிஷின் டிராயருக்குள்ள கிடந்திருக்கு. வேற யாராவது இருந்தா உறையிலயே அச்சடிச்சிருக்க ராஜா தலைய மட்டும் கத்தரிச்சு ஆல்பத்துல ஒட்டியிருப்பான். மச்சான் முழுசா வச்சிருக்காரு.

— ம். ராஜா தலை இன்னும் மேடா நிக்கறது. கொஞ்சம் கூட மழுங்கலை. ஓரமும் மடங்கலை. நன்னா வச்சிருக்கான்.

— சார், விரல். விரல எடுங்க சார்.

— ஓ.

— என்ன சார் பண்ணுதிய? ட்வீசர் கையெட்டுத் தூரத்துல கிடக்கு. வெறும் விரலால போட்டுத் தடவுதிய. விரல் எண்ணெ பட்டா கறை எறங்கிரும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான. கேம்ப் ஷோவுல ஒரு கர்னல் ஸ்டாம்ப விரலால தொட்டாருன்னு, அத்தன பேரு முன்னால வெளிய போகச் சொன்னிய. கர்னல் பேசாம எந்திரிச்சுப் போனாரு.

— தப்புதான். மறந்துடுத்து.

— நீங்களா மறந்திய? டெக்கன்காரங்க கவரா இருந்தா இப்படித் தடவியிருப்பியளா சார்? கட்கிக்காரன் கவர்னா அவ்வளவு இளக்காரமா?

— ஏங்க, மெல்லப் பேசுங்க. பக்கத்து வீட்டுல கேக்கும்.

— கேக்கட்டும் மேவிஸ். இன்னிக்கிக் கேட்டுத்தான் தீரணும். போன கேம்ப் ஷோவுல சார் முதல் பரிசு குடுத்தது எதுக்கு? பேனாவால வரைஞ்ச முத்திரைக்கு. முத்திரை பாதி அழிஞ்சிருந்துது, மிச்சத்த எவனோ நீலப் பேனாவால வட்டம் போட்டு முடிச்சிருக்கான். ஸ்கூல் பிள்ளைக கூடச் சிரிச்சுது.

— தெரியும், சிரில்.

— மச்சான்தான் வந்து சொன்னாரு. மேடைகிட்ட வந்து, காதோட காதா, மரியாதையாத்தான் சொன்னாரு. நீங்க மைக் முன்னால நின்னிய, ஹால் பூரா கேட்டுருச்சு. அன்னிக்கி அவருக்குக் குரல் இருந்துது சார். அந்தக் குரலுக்குத்தான் இந்தத் தண்டனை. அது போன பெறவு, வாய் இருந்தாத்தான் போட்டின்னு விதி போடுதிய.

— நீ அப்படியா நினைச்சுண்டிருக்கே?

— கட்கி கிளப்பே அப்படித்தான் நினைக்கு.

— சவரிமுத்துவுமா?

— அண்ணன் ஒண்ணும் எழுதல சார். உங்க பேரச் சொன்னதும் சிலேட்டத் துடைச்சு ஓரமா வச்சிட்டாவ.

— அன்னிக்கி அவன் சொன்னதுதான் நியாயம், மேவிஸ். அவன் மேல எனக்கு ஒரு துளி கோவம் கிடையாது. வீட்டுக்குப் போய் எம் பொண்ணு ராஜிகிட்டச் சொன்னேன், அத்தனை பேர்ல அவன் ஒருத்தன்தான் எனக்கு நல்லது பண்ணினான்னு. அவகிட்டயே கேட்டுப் பாரு.

— பெறவு எதுக்கு சார் ஏழாவது விதி? சொல்லுங்க. என்ன சார், வாயத் தொறக்க மாட்டேங்கிய. உங்களுக்கும் ஒரு சிலேட்டு வேணுமா?

— ஏங்க.

— சரி, அத நான் சொல்லியிருக்கக் கூடாது. விடுங்க. ஒண்ணு செய்வோம் சார். மும்பைலேர்ந்து யாரையாவது ஜட்ஜாக் கூப்பிடுவோம். உங்களுக்கும் வம்பு இல்ல, எங்களுக்கும் இல்ல.

— கூப்பிடு. தாராளமாக் கூப்பிடு. நான் கோத்ருட்ல நாலு சுவத்துக்கு நடுவுல உக்காந்துக்கறேன். லூனாவை வித்தாச்சு. பேப்பர்காரனை நிறுத்தியாச்சு. வருஷத்துக்கு ஒரு தரம் இந்த நாற்காலின்னு ஒண்ணு இருந்தது. அதையும் நீயே எடுத்துக்கோ.

— லூனாவ வித்திட்டியளா? மழையிலயே ஓட்டிக்கிட்டு வருவியளே சார்.

— முட்டி வலி.

— அதான் ராஜி ஆட்டோவுல கொண்டாந்து விட்டுட்டுப் போனாளா? நம்ம வீட்டுப் படி ரெண்டு படிதான சார், அதுக்கே உங்க கையப் பிடிச்சு ஏத்தினாளே.

— முட்டி வலின்னு சொல்றேனே மேவிஸ்.

— சார், அச்சடிக்கிற ப்ரெஸ்காரன் கடையச் சாத்துறதுக்குள்ள இத நான் கொண்டு குடுத்தாகணும். கடைசியாக் கேக்கேன். ஏழாவது இருக்குமா, போகுமா? இருந்தா எங்க கிளப் வராது. மச்சான் ஃப்ரேம் மட்டும் இல்ல, அஞ்சு ஃப்ரேமும் வராது.

— மும்தாஜ் டீச்சர் கூடவா?

— அவங்கதான் மொதல்ல சொன்னாங்க. சவரிமுத்து பாய் இல்லைன்னா நானும் இல்லைன்னு.

— சரி. அடிச்சுடு.

— நிஜமாவா சார்?

— ஒருத்தனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திட்டு, நான் நாற்காலில உக்காந்து என்ன பண்ணப் போறேன்? உள்ளேயே உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவன் கவர் போகட்டும். அடி.

— பெரிய மனசு சார் உங்களுக்கு. அண்ணன்கிட்ட இன்னிக்கே போயிச் சொல்லுதேன்.

— இரு மேவிஸ். நான் அடிக்க மாட்டேன் சார். நீங்க போட்ட விதி, உங்க கையாலதான் அடிக்கணும். பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்தும் வேணும். நாளைக்கு டெக்கன்காரங்க வந்து, கட்கிக்காரன் திருட்டுத்தனமா திருத்திட்டான்னு சொல்லக் கூடாது. இந்தாங்க பேனா.

— நீயே அடி, சிரில். நான் சொன்னாப் போறாதா? யார் கேட்டாலும் நான் ஆமான்னு சொல்றேன்.

— போறாது சார். பஸ். காகிதத்தப் பிடிங்க. ஏழுன்னு பெரிசாப் போட்டிருக்கு, பாருங்க.

— ம். சரி, குடு. இதோ. ஆச்சா? கையெழுத்தும் போட்டுட்டேன்.

— சார்.

— என்ன மேவிஸ்?

— ஏழாவது அப்படியே இருக்கு சார். நீங்க அடிச்சது ஒம்பதாவது.

— ஒம்பதாவது எது?

— நடுவர் தீர்ப்பே இறுதியானதுன்னு இவங்க வாசிச்சாங்களே சார், அது. அது மேலதான் கோடு போட்டிருக்கிய. கையெழுத்து காகிதத்துல இல்ல சார், மேசை விரிப்புல இருக்கு.

— சார், இங்க பாருங்க. என்னப் பாருங்க. அங்க இல்ல சார், நான் இங்க இருக்கேன்.

— ஒம்பதாவது அடிபட்டது அடிபட்டதாவே இருக்கட்டும், சிரில், ஏழையும் சேத்து நீயே அடிச்சுடு. அந்தப் பேனா முத்திரைக்குப் பரிசு குடுத்தப்பவே எனக்குப் பாதிக் கண்ணு போயாச்சு, மீதியும் இப்போ இல்லை. உன் மச்சானோட ராஜா தலையை நான் விரலாலதான் பாத்தேன்.