தண்ணீர் படக்கூடாத கல்

போன வாரம் இதே நிலையத்தில் திருட்டுப் புகார் கொடுத்த பெண் நான்தான். பெயரும் முகவரியும் அந்தப் புகாரில் உள்ளபடியே. வயது அறுபத்திரண்டு. உப்பு ஏரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் உப்புநீரைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் தனியாக வசிக்கிறேன். திருமணம் ஆகவில்லை. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை, எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன்.

ஏரி வற்றும்போது அடிச்சேற்றில் சில படிகங்கள் விளையும். அவற்றை அந்த ஏரியின் உப்புநீரிலேயே கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். வேலையில் இருந்த காலத்தில் அவற்றைச் சேர்த்து வந்தேன். அவற்றில் ஒன்று மட்டும் கீறல் இல்லாமல், கண்ணாடி மாதிரி கிடைத்தது. கல் பட்டை தீட்டுபவர் ஒருவர் முடியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பி, பிறகு தண்ணீரே தொடாமல் எண்ணெய் விட்டுத் தீட்டிக் கொடுத்தார். கொண்டைக்கடலை அளவு இருக்கும். வியர்வை பட்டாலே மங்கிவிடும் என்பதால் அதை மோதிரத்தில் பதிக்க முடியாது, கழுத்திலும் போட முடியாது. இறுக மூடிய பாட்டிலில் வைத்து, காலையில் இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். எனக்குக் காலையில் வேறு வேலை கிடையாது.

சம்பவத்தன்று சமையலறைக் குழாய் ஒழுகியதால் பிளம்பரை வரச் சொல்லியிருந்தேன். அவர் மணி அடித்தபோது கல் என் கையில் இருந்தது. முன்பின் தெரியாத ஆள் கண்ணில் படக்கூடாது என்ற அவசரத்தில் அலமாரியில் இருந்த ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுவிட்டு, காலி பாட்டிலை மூடி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். ஆனால் வழக்கம்போலப் பாட்டிலில் போட்டதாகவே என் மனத்தில் பதிந்துவிட்டது. அவர் அலமாரியைப் பார்த்து, "என்னம்மா, இவ்ளோ பாட்டில்லயும் கல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலையிலிருந்தே இருந்த தலைவலி அதன் பிறகு அதிகமாகி, உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் அவர் வாசல் வரை போய்விட்டு, "சாயங்காலம் தண்ணி வராதும்மா, இருக்கற பாத்திரம் எல்லாத்துலயும் புடிச்சு வெச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் எழுந்து பார்த்தபோது பாட்டில் காலியாக இருந்தது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். இவ்ளோ கல்லா என்று கேட்டவரைத் தவிர வேறு யார் எடுத்திருக்க முடியும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, மறுநாள் இங்கே வந்து புகார் கொடுத்தேன்.

அதன் பிறகு என் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இத்தனை வருடமாக மாடிப்படியில் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்ட எதிர்வீட்டு அம்மாள் காபி கொண்டு வந்தார். விசாரணைக்கு வந்த காவலர் ஒவ்வொரு பாட்டிலாகக் கேட்டார், நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மாவின் சாவுக்குப் பிறகு என்னோடு பேசாமல் இருந்த தங்கை, பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அவள் வந்த அன்று சமையல் மேடையில் இருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னக்கா இது, தண்ணி இப்படிக் கரிக்குது?" என்று முகத்தைச் சுளித்தாள். வாங்கி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். வேலைக்காலம் முழுக்க ஏரித் தண்ணீரை ருசி பார்த்த நாக்கு இது. முதலில் உப்பு, பின்னால் லேசான கசப்பு. கல்லை டம்ளரில் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிளம்பர் அதிலும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார். "குழாய் மாத்துனாங்கல்ல, புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று தங்கையிடம் சொன்னேன். அது பொய். மிச்சத் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி, பரணில் ஒளித்து வைத்தேன்.

உடனே ஏன் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்கிறார். சொன்னால் தங்கை ஊருக்குப் போய்விடுவாள். காவலர் வரமாட்டார். காபியும் நின்றுவிடும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பிளம்பரை நிலையத்துக்கு அலைக்கழிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இன்று காலை மணி அடித்தது. இன்னும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஆசையாகப் போய்க் கதவைத் திறந்தேன். பிளம்பரின் மனைவி நின்றிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவரை எந்த வீட்லயும் உள்ள விட மாட்டேங்கறாங்கம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விடுவாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளைப் பார்த்தும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேனே என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெட்டியை அடுக்க ஆரம்பித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். அதில் வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் திருட்டுப் போனதாக நான் சொன்ன கல். பிளம்பர் எதையும் எடுக்கவில்லை. எனக்கு உதவியாகத் தண்ணீர் பிடித்து வைத்தார், அவ்வளவுதான். என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம்.

இன்றும் விசாரணைக்கு வரவழைத்திருந்த பிளம்பர், இதைச் சொல்லி முடிக்கும்வரை எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "குழாய் இப்ப ஒழுகலையேம்மா?" என்று மட்டும் கேட்டார். ஒழுகுகிறது என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் இன்னொரு முறை வருவார். ஒழுகவில்லை என்று சொன்னேன்.

எழுத்தர் இதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். குழாயைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது உட்பட, இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)