முழு வாக்கியமா சொல்லு

ஹலோ... ஹலோ, அக்கா? ... நான்தான். இரு, இரு, குழாயைத் திறந்து விட்டுக்கிறேன்... தண்ணி சத்தம்தான். மணி பதினொண்ணு ஆச்சு, இன்னும் ரூம்ல கேமரா ஓடுது. பாத்ரூம்ல மட்டும்தான் இல்ல... ஆமா, ஆமா, தாழ்ப்பாள் போட்டுட்டேன்.

... அழல. ஜலதோஷம்.

... சரி, அழுறேன். ரெண்டு வருஷம் கழிச்சு உன் குரலைக் கேட்டா சிரிக்கவா முடியும்?

... எங்க போனை எல்லாம் வந்த அன்னைக்கே வாங்கிப் பூட்டி வெச்சுட்டாங்க. இது மேக்கப் போடுற அக்காவோட போன். 'உன் அக்கா லைன்ல இருக்கா, சீக்கிரம் பேசிட்டு வா'ன்னு கையில திணிச்சாங்க. இந்தக் கட்டடத்துலயே மனுஷின்னு சொன்னா அவங்க ஒருத்தங்கதான்.

... ம். நாளைக்குத்தான் பாட்டுப் போட்டி ஃபைனல். நாலு பேர் மிச்சம்.

... பயமாதான் இருக்கு. பாட்டுக்கு இல்லக்கா. பாட்டை யாரு இங்க கேக்குறா? மாடிக்கு ஒரு ஷோ நடக்குது. கீழ குண்டா இருக்கறவங்க இளைக்கிற ஷோ, ராத்திரியானா பிஸ்கட் இருக்கான்னு எங்க கதவைத் தட்டுறாங்க. மேல ஒரே மாப்பிள்ளைக்குப் பதினாலு பொண்ணுங்க போட்டி. அதுக்கும் மேல ஒரு வீடு கட்டி, உள்ள தள்ளிப் பூட்டி, சண்டை போட விட்டிருக்காங்க. எல்லா மாடிக்கும் ஒரே கண்ணீர்தான், லிஃப்ட்ல ஏறி ஏறி இறங்குது.

... நீ பாத்தியா? எது? ... முதல் நாள் போட்டதா.

...

அக்கா, இருக்கியா?

... சொல்றேன், கத்தாத... சரி, நீ கத்தல. அதான் எனக்கு பயமா இருக்கு.

செலக்ஷன்ல பாடி முடிச்சேன். சுமார்தான்னு அவங்க முகத்துலயே தெரிஞ்சுது. கதை எழுதுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, எப்பவும் காதுல பென்சில். அப்பாவை ஓரமா கூட்டிட்டுப் போயி, 'வீட்ல எதாவது சோகம் உண்டா சார்'னாரு. டீக்குச் சக்கரை போடவான்னு கேக்குற மாதிரி. அப்பா யோசிக்கவே இல்ல. 'மூத்தவ தவறிட்டா'ன்னுட்டாரு. நீ அந்த எலக்ட்ரீஷியனோட போன நாள்லருந்து வீட்ல சொல்லிச் சொல்லிப் பழகினதுதான, வாயில தயாரா இருந்துச்சு.

... நானா? நான்... தலையாட்டினேன்.

... ஆமாக்கா. ஆமா. உன் ஸ்கூல் கார்டு போட்டோவைப் பெருசாக்கி, கறுப்புச் சட்டம் போட்டு, பின்னாடி திரையில விட்டாங்க. அதைப் பாத்துக்கிட்டேதான் பாடினேன். ஜட்ஜ் அழுதாங்க. ஓட்டு குவிஞ்சுது.

... அம்மா வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதையும் கிட்டக்க எடுத்து, பாசம்னு போட்டுட்டாங்க.

... அதான் உன்னைக் கேக்குறேன். நாளைக்கு ராத்திரி வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் எடுக்காத. இவங்களுக்குத் தெரிஞ்சா மேடையிலயே நிக்க வெச்சுக் கேப்பாங்க, ஊரே பாக்கும். அப்பா நெஞ்சு தாங்காதுக்கா. ஒரே ஒரு நாள் செத்திரு, எனக்காக. அப்புறம் நானே வந்து உன் கால்ல விழறேன்.

... என்ன?

... இப்பதான சொன்னேன். அவரு சொன்னாரு, நான் தலையாட்டினேன்னு.

... திரும்பவா? எதுக்கு? ... கேக்கலையா? சரி. அப்பாதான்...

... 'என் அக்கா உயிரோடதான் இருக்காங்க'ன்னு ஆரம்பிக்கணுமா. முழு வாக்கியமா.

...

அக்கா, பென்சில் அண்ணன் எங்களை உக்கார வெச்சுப் பேட்டி எடுக்கறப்ப ஒரு விஷயம் சொல்லுவாரு. கேள்வியையும் சேத்து, முழு வாக்கியமா பதில் சொல்லுன்னு. டிவியில போடறப்ப அவர் குரலை வெட்டிடுவாங்கல்ல, அதுக்காக. வேற யாரும் பேச்சுவாக்குல அப்படிக் கேட்டு நான் பாத்ததில்ல.

... இல்ல, நீ இரு, நான் சொல்றேன். 'உன் அக்கா லைன்ல இருக்கா'ன்னு மேக்கப் அக்கா சொன்னாங்க. செத்துப்போன அக்கா. சொன்னப்ப மேக்கப் அக்கா முகம் மாறவே இல்ல. நானும் லூசு மாதிரி போனை வாங்கிட்டு ஓடி வந்துட்டேன்.

நீ வேற தங்கச்சி, தங்கச்சிங்கற. சுண்டெலியைத் தவிர வேற என்னன்னு நீ என்னைக் கூப்பிட்டிருக்க?

... பென்சில் அண்ணன் உன் பக்கத்துல இருக்காரா?

... தெரியும். உன் கோபம் நியாயம்தான். அந்தச் சட்டத்துக்குள்ள என் மூஞ்சி இருந்திருந்தா நானும்... தெரியும்க்கா. ஆனா என்னை மட்டும் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம்ல. நாலு அறை விட்டிருக்கலாம்.

... அழாத. இல்ல, அழு. மைக் இருக்குல்ல, நல்லா வரும். நாளைக்கு மேடைக்குப் பின்னாலருந்து உன்னை நடந்து வரச் சொல்லுவாங்க. புகை விடுவாங்க, தொண்டை கரகரங்கும். இருமிட்டா மறுபடி நடக்க விடுவாங்க.

... இரு. குழாயை மூடிட்டேன். இப்ப தெளிவா கேக்குதா? பென்சில் அண்ணா, உங்களுக்குத்தான். கேள்வியையும் சேத்தே சொல்லிடறேன்.

என் அக்கா எப்போ இறந்தாங்கன்னா, என் அக்கா இன்னைக்கு ராத்திரி பதினொண்ணே காலுக்கு இறந்தாங்க.

வெக்கிறேன்.