பால்தனின் கூடுதல் சுமை

கனமான பொருளைக் கீழே வைக்க வேண்டும், மேடம். பைக்கில் மூட்டை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஸ்பானர், டின் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் பக்கப்பைகளின் அடியில் போக வேண்டும். எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு முன்னால். துணிமணி, ஸ்லீப்பிங் பேக் மாதிரி பஞ்சு சமாசாரமெல்லாம் மேலே, கேரியரில். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் தார் ரோட்டில் ஒன்றும் தெரியாது. கல்லும் மணலும் வரும்போது தெரியும். தண்ணீரில் இறங்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். முன்சக்கரம் லேசாகிவிடும், வண்டி நம் பேச்சைக் கேட்காது.

நீங்கள் மண்டி ஊர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மாற்றலாகி வந்தவர். காஜாவின் குளிர் இன்னும் பழகவில்லை, அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதில் தப்பில்லை. நானும் முட்டிவலிக்காரன், எனக்கும் அந்தப் பக்கம் உட்காரத்தான் ஆசை. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, பால்தனின் பையில் அந்தக் கல் எப்படி வந்தது என்று. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அதில் உள்ள நியாயம் உங்களுக்குப் புரியும்.

பால்தன் என் தங்கை யாங்சோமின் கணவன். பைக்கில் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய், ரோடே இல்லாத இடங்களில் டென்ட் போட்டுத் தங்கவைத்துத் திருப்பிக் கொண்டுவரும் தொழிலை இந்த ஊரில் ஆரம்பித்தவன் நான். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும், எந்த மணலில் சக்கரம் புதையும் என்பதெல்லாம் நான் விழுந்து எழுந்து கற்றது. கல்யாணத்துக்குப் பிறகு பால்தன் சேர்ந்துகொண்டான். நல்லவன், தொந்தியும் சிரிப்புமாக இருப்பான். நன்றாகவே ஓட்டுவான். ஒரே குறை, மூட்டை கட்டத் தெரியாது. வீட்டில் சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள். பெரிய பித்தளைக் கெட்டில், மடக்கு ஸ்டூல், யாங்சோம் போட்ட ஊறுகாய் ஒரு டின், யாருக்காவது தேவைப்படும் என்று நாலு ஜோடி சாக்ஸ். 'யாருக்காவது' என்பது அவனுக்குப் பிடித்த வார்த்தை.

அதனால்தான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தேன். தன் மூட்டையைத் தானே கட்டுகிறவன் தனக்குச் சலுகை கொடுத்துக்கொள்வான். எனவே அவன் வண்டியை நான் கட்டுவேன், என் வண்டியை அவன் கட்டுவான். கட்டி முடித்தபின் யாரும் தன் பையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்துப் பார்த்தால் நம்பிக்கை இல்லை என்று ஆகும். காஜாவில் எல்லோருக்கும் இது தெரியும். டீக்கடையில் கேலிகூடச் செய்வார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும்தான்டா கல்யாணம் ஆயிருக்கு. நடுவுல பாவம், யாங்சோம் மாட்டிக்கிச்சு."

இந்த வழக்கம் மட்டும் இல்லாவிட்டால், அவன் ஸ்லீப்பிங் பேக்கை மறந்துவிட்டான் என்று நான் சொன்னதை நீங்கள் நம்பியிருப்பீர்கள். எங்கள் விஷயத்தில் அது செல்லாது. சொல்லிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

முதலில் கெட்டிலை எடுத்தேன். அவனிடம் சொல்லவில்லை. டென்ட் போட்ட இடத்தில் பையெல்லாம் துழாவிவிட்டு வந்தான்.

"எங்க மச்சான் என் கெட்டில்? அத வித்துத் தின்னுட்டீங்களா?"

"பாத்திரத்துல கொதிக்க வெச்சா டீ ஆகாதா மாப்ளே?" என்றேன்.

சிரித்தான். பாத்திரத்திலேயே டீ போட்டான். ஒன்றும் குறைந்துபோகவில்லை. அப்படியானால் கெட்டில் தேவையில்லாத பொருள் என்று நிரூபணமாகிவிட்டது, இல்லையா? அடுத்த பயணத்தில் ஸ்டூல். அதற்கடுத்து ஊறுகாய். ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன். அவன் தேடுவான், கிடைக்காது, சிரிப்பான். ஒரு தடவை மழைக்கோட்டை எடுத்துவிட்டேன். பகல் முழுக்க நனைந்துகொண்டே ஓட்டினான். அப்போதும் வந்தவர்களிடம், "எங்க மச்சான் எனக்கு டயட் சொல்லிக்குடுக்கறாரு, மொதல்ல வண்டிக்கு, அப்புறம் எனக்கு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான். நனைந்தவன் அவன். அவர்கள் ஏன் என்னை அப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இந்தக் கோடையில் புனேயிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். வருஷா வருஷம் வருகிற கோஷ்டி. முதல் தடவை பனியில் மாட்டிக்கொண்டபோது அவர்களை இறக்கிக் கொண்டுவந்தவன் நான்தான்.

"நம்கியால் ஜீ, இந்தத் தடவை பால்தன் வர்றாருல்ல? அவர் வரலைன்னா தேதியை மாத்திக்கிறோம்."

"நான் வர்றேனே" என்றேன்.

பக்கத்தில் இருந்த யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "ஓ, நீங்களுமா, நல்லது" என்றார். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. கேட்டதால் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லையோ? சரி, இருக்கட்டும்.

பனி விழுந்து கணவாய் மூடுவதற்கு முன் ஒரு புது இடம் பார்த்துவர வேண்டியிருந்தது. குன்சும் கணவாயைத் தாண்டி இறங்கினால், ஆளில்லாத ஒரு பக்கப் பள்ளத்தாக்கு. நடுவே ஒரு ஓடை, அதைத் தாண்டினால் நல்ல புல்வெளி. நாங்கள் இரண்டு பேர் மட்டும். கிளம்புவதற்கு முந்தின நாள், வெயில் இருக்கும்போதே என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மூட்டை கட்டினோம். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ பாடிக்கொண்டே என் வண்டியைக் கட்டினான். நான் அவனுடையதைக் கட்டினேன்.

டென்டும் ஸ்டவ்வும் என் வண்டியில் வருவதுதான் வழக்கம். அவன் ஸ்லீப்பிங் பேக்கை உறையிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குள் பார்லி வைக்கோலை அடைத்தேன். பார்ப்பதற்கு அதே பருமன்தான். தூக்கிப் பார்த்தபோது எடை குறைவாக இருந்தது. எடை விஷயத்தில் நான் அலட்சியமாக இருக்க மாட்டேன். அதனால் முற்றத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து உறையின் அடியில் போட்டேன். நீங்கள் கேட்ட கல் அதுதான். மாற்று உடைகளை எடுத்துவிட்டு, அந்தப் பையிலும் வைக்கோலே வைத்தேன். தீப்பெட்டி, லைட்டர் இரண்டையும் எடுத்துவிட்டேன். அவன் பிள்ளை பிறந்ததும் சிகரெட்டை விட்டவன், சட்டைப் பையில் இருக்காது. பிறகு ஸ்பானர் பையையும் தண்ணீர்க் கேனையும் பின்கேரியரின் உச்சியில் வைத்துப் பட்டையை இறுக்கிக் கட்டினேன். கட்டு நன்றாக இருந்தது. கடைசிவரை அவிழவில்லை, நீங்களே பார்த்தீர்கள்.

எப்போதும் இல்லாதபடி ஏன் கனத்தை மேலே கட்டினாய் என்று கேட்பீர்கள். அவனுக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது. சுமை என்றால் என்னவென்று உடம்பால் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

குன்சுமில் வண்டியை நிறுத்தினோம். அங்கே அம்மன் கோயில் கல்லில் காசை வைத்து அழுத்துவோம். மனசு சுத்தமாக இருந்தால் ஒட்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். அன்று என் காசு ஒட்டியது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பால்தனுடையது விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடியும் விழுந்தது.

"என்ன மாப்ளே, என்ன தப்பு பண்ணின?"

"நேத்து உங்க தங்கச்சிகிட்ட ஒரு சின்னப் பொய் சொன்னேன் மச்சான். அம்மன் கணக்கா புடிச்சிட்டா பாருங்க" என்று காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டான். என்ன பொய் என்று நான் கேட்கவில்லை.

இந்த ஓடைகள் காலையில் கணுக்கால் அளவுக்கு ஓடும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்துக்கு மேல் இடுப்புக்கு வந்துவிடும். அதனால் எங்கள் ஊர்க்காரன் எவனும் மத்தியானத்துக்குப் பிறகு ஓடையில் இறங்க மாட்டான். அன்று வழியில் இரண்டு இடங்களில் டீ குடிக்கலாம் என்று சொன்னது நான்தான். ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது.

"லேட்டாயிருச்சே மச்சான். இந்தப் பக்கமே படுத்துட்டு காலையில போவமா?"

"உனக்குப் பயமா இருந்தா சொல்லு. நான் மொதல்ல போறேன்" என்றேன். அப்படிச் சொன்னால் அவன் என்னை முதலில் விட மாட்டான் என்று எனக்குத் தெரியும். என் முட்டி தண்ணீரின் குளிரைத் தாங்காது என்பது அவன் நினைப்பு.

இறங்கினான். நடு ஓடையில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. வண்டியோடு சாய்ந்தான். பலசாலி, தலைவரை முழுகியும் வண்டியை விடவில்லை. இழுத்து அக்கரையில் போட்டுவிட்டான். என்னால் அவ்வளவு முடிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தான், உயிர் வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு அப்பால் வழி கிடையாது, வெறும் மலைதான். திரும்பி வர வேண்டுமென்றால் தண்ணீர் வடிய வேண்டும், அது விடியலில்தான்.

நான் இக்கரையிலேயே நின்றேன். காற்று படாத ஒரு பாறை மறைவில் டென்டைப் போட்டேன். அவன் பைகளைத் திறப்பது தெரிந்தது. பிறகு வைக்கோலை ஒரு கை அள்ளித் தூக்கிக் காட்டினான். சிரித்தான், மேடம். அந்த நிலையிலும் அதை வேடிக்கை என்றே நினைத்தான்.

"மச்சான்! என்ன மாடுன்னே முடிவு பண்ணிட்டீங்களா? சரி, போதும் வெளையாட்டு! என் பையத் தூக்கிப் போடுங்க, நடுங்குது!"

என்னிடம் இல்லை என்று கையை விரித்தேன். அது உண்மைதான், அவன் பை என் வீட்டில் இருந்தது.

அவன் சிரிப்பு நின்றது. கரைக்கு வந்து, தண்ணீரின் ஓரத்தில் நின்று, வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு கத்தினான்.

"தீப்பெட்டி மட்டுமாவது ஒரு பிளாஸ்டிக் பையில சுத்தி எறிங்க மச்சான்! டேங்குல பெட்ரோல் இருக்கு, பத்த வெச்சுக்கறேன்! அது போதும்!"

தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினேன். கேட்டது. எறிந்திருந்தால் தண்ணீரில் விழுந்திருக்கும். விழாமலும் இருந்திருக்கலாம். எறியாததால் எனக்குத் தெரியாது.

பனி பெய்ய ஆரம்பித்தது. நான் டென்டுக்குள் போய் என் பையைப் பிரித்தேன். அவன் கட்டிய பை. மேலாகவே ஒரு பிளாஸ்க் இருந்தது, காலையில் கிளம்பும்போது செருகியிருப்பான். உப்பும் வெண்ணெயும் போட்ட டீ, இன்னும் சூடு போகவில்லை. அதன் கீழே, துணியில் சுற்றிய புது முழங்கால் உறைகள். ஆட்டுக் கம்பளியில் பின்னியவை. யாங்சோமின் கைவேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. கோடையிலிருந்தே அவள் தன் புருஷனுக்காக அதைப் பின்னிக்கொண்டிருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். தனக்கு எடுத்துவைத்துக்கொண்டதாக அவளிடம் சொல்லியிருப்பான். அம்மன் பிடித்த பொய் அதுதான் போலிருக்கிறது.

பாருங்கள், எனக்குத் தெரியாமல் என் மூட்டையில் எடை ஏற்றியிருக்கிறான். கேட்டால் 'யாருக்காவது' என்பான்.

டீயைக் குடித்தேன். உறைகளை மாட்டிக்கொண்டேன். அளவு எனக்குச் சரியாக இருந்தது. வெகுநேரம் அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். திட்டவில்லை, கூப்பிட்டான். திட்டியிருந்தால் போய் எறிந்திருப்பேனோ என்னவோ. பிறகு சத்தம் நின்றது. நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், ஆனால் முட்டிவலி இல்லாமல் நான் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது.

விடிந்ததும் தண்ணீர் வடிந்துவிட்டது. கடந்து போனேன். வண்டியின் மறைவில் உட்கார்ந்திருந்தான். இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், அதிலிருந்து பொறி எடுக்கப் பார்த்திருக்கிறான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை போலும். வைக்கோலை முழுவதும் ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தான். நான் வைத்த பொருள் வீணாகவில்லை.

செத்துப்போவான் என்று தெரிந்துதான் கட்டினாயா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாத குளிரா, மேடம்? தெரிந்துதான் கட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் பொருள் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னீர்கள். என் வீட்டுப் பின்கொட்டகையில் இருக்கின்றன. கெட்டில், ஸ்டூல், ஊறுகாய் டின், மழைக்கோட்டு, ஸ்லீப்பிங் பேக் எல்லாம். கெட்டிலை வாரம் ஒரு முறை புளி போட்டுத் துலக்கிவைப்பேன். ஸ்டூலை விரித்து அதில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். எதையும் தொலைக்கவில்லை, எல்லாவற்றையும் யாங்சோமிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்த முழங்கால் உறைகளை மட்டும் கேட்காதீர்கள். கழற்ற மாட்டேன். இவை எனக்கென்றே வைத்தவை, வேறு யாருக்கும் இல்லை. தவிர, இவற்றுக்கு எடையே கிடையாது.