எமெட் டன்லப் கொடுத்த ஒன்பது

அந்த நாய்க்கு வெந்த எலும்பு கொடுக்க வேண்டாம் என்று வெளியே இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள், டெபுடி. பச்சை எலும்பு பரவாயில்லை. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும். நான் ஸ்டேஷனுக்குள் வரும்போது யாரோ பாசமாக எதையோ போட்டுக்கொண்டிருந்தார், அதனால் சொல்கிறேன். அதன் பெயர் பட்டன். வயதான நாய். என்னிடம் இருந்தவரை வேகவைத்த கோழியும் சோறும்தான் கொடுத்தேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

நானும் என் தம்பி கார்லண்டும் பல வருடங்களாக, கறியைப் புகையில் வேகவைக்கிற பார்பெக்யூ போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் அணியின் பெயர் 'அழுகிற பன்றி'. பெயர் வைத்தது அவன்தான். கோழியும் மாட்டு நெஞ்சுக்கறியும் என் பொறுப்பு. பன்றி விலா அவனுடையது, அதில் என்னைக் கை வைக்க விடமாட்டான். பள்ளி உணவுக்கூடத்தில் நான் வாரம் முழுக்க முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தேன். ஒரு பிள்ளையும் தட்டைப் பார்த்ததில்லை. சனிக்கிழமை மட்டும்தான் யாராவது நாங்கள் சமைத்ததை உற்றுப் பார்த்தார்கள்.

போட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. கறியை ஒரு வெள்ளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்போம். பெட்டியில் பெயர் இருக்காது, எண்தான். மேசைக்கு ஆறு நடுவர்கள். பேசக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. பார்வைக்கு, ருசிக்கு, மென்மைக்கு என்று மூன்று மதிப்பெண் போட வேண்டும். ஒன்பதுதான் உச்சம். ஆறு பேரில் யார் ஆகக் குறைவாகப் போட்டாரோ அவருடையதைத் தள்ளிவிட்டு மற்ற ஐந்தைக் கூட்டுவார்கள். சமைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது, மதிப்பெண் போட்டது யார் என்று எங்களுக்குத் தெரியாது. முன்பெல்லாம் மொத்தக் கூட்டலை மட்டும்தான் கொடுப்பார்கள். எங்கே சறுக்கினோம் என்று புரியாமல் வீட்டுக்கு வருவோம்.

சமையல்காரர்கள் சேர்ந்து சண்டை போட்ட பிறகுதான் போட்டிகளை நடத்துகிற சங்கம் இறங்கி வந்தது. ஒவ்வொரு நடுவரும் எவ்வளவு போட்டார் என்று தனித்தனியாக அச்சடித்துக் கொடுத்தார்கள். பெயர் கிடையாது. நடுவரின் உறுப்பினர் எண் மட்டும் இருக்கும். வெளிப்படை என்றார்கள். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அந்த வருடம்தான் மாநில இறுதிப் போட்டி. நாங்களும் இன்னொரு அணியும் முதலிடத்தில் சமமாக நின்றோம். சமமாக வந்தால், தள்ளி வைத்த மதிப்பெண்களை எடுத்துப் பார்ப்பார்கள். கார்லண்டின் விலாவுக்கு ஐந்து பேர் எட்டும் ஒன்பதுமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மூன்றிலும் ஆறு. அதனால் கோப்பை அடுத்த அணிக்குப் போனது.

கார்லண்ட் அந்தத் தாளை வண்டியின் முன்கண்ணாடியில் வைத்துக்கொண்டு வீடு வரை பேசிக்கொண்டே வந்தான்.

"ஏக்கா, இந்த ஆறு போட்டவன் வாயில பஞ்சு வெச்சிருந்தானா? அஞ்சு பேருக்குப் பன்னியக் குடுத்துட்டு இவனுக்கு மட்டும் செருப்பையா வேகவெச்சோம்?"

"விடுடா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் நீ பாத்துக்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுடைய ஈரல் எந்த நிலைமையில் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பனிக்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வேறு எதுவும் பேசவில்லை. தேவாலயத்திலிருந்து வந்தவர்களிடமும் விலாவைப் பற்றியே பேசினான். கடைசியாக என்னிடம் தெளிவாகப் பேசியது இதுதான்: "அந்தாளுக்கு என்னதான் புடிக்கலைன்னு கேட்டுச் சொல்லுக்கா." கேட்கிறேன் என்றேன். நான் சொன்ன சொல்லை மீறுகிற பழக்கம் எனக்கில்லை.

முதலில் முறைப்படிதான் கேட்டேன். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, எண்ணைக் கொடுக்கிறீர்களே, பெயரையும் கொடுத்தால் என்ன என்றேன். மேடையில் இருந்த பெண் மைக்கைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "பேரைக் குடுத்தா நாளைக்கே அவங்க வீட்டு வாசல்ல போய் நிப்பீங்கம்மா." கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பிறகு, பக்கத்து மாவட்டப் போட்டியில் மேசைப் பொறுப்புக்கு ஆள் வேண்டும் என்றார்கள். பெட்டிகளை நடுவர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, சீட்டுகளை வாங்கி வருகிற வேலை. அன்று நான் சமைக்கவில்லை, அதனால் விதிப்படி தடையில்லை. நடுவர்கள் சட்டையில் அட்டை குத்தியிருப்பார்கள், பெயரும் உறுப்பினர் எண்ணும் சேர்ந்தே இருக்கும். அப்படிப் போன மூன்றாவது போட்டியில் என் மேசையிலேயே அந்த எண் வந்து உட்கார்ந்தது. எமெட் டன்லப். ஓய்வுபெற்ற தபால்காரர். கால்சட்டையைத் தாங்கச் சிவப்புத் தோள்வார், ஒரு முழங்கால் மடங்காது.

அன்று அவர் பெரும்பாலான பெட்டிகளுக்கு ஆறுதான் போட்டார். சீட்டுகளை வாங்கியபோது பார்த்தேன். மற்றவர்களுக்கு அவர் என்ன போட்டார் என்பது என் விஷயம் இல்லை.

சீட்டுகள் போன பிறகு பேசலாம். அவர் விரலைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "நான் பழைய ஆளு தாயி. இப்ப வர்றவங்க ஒம்போதுல ஆரம்பிச்சு எறங்குறாங்க. நான் ஆறுல ஆரம்பிச்சு ஏறுவேன்."

எதிரே இருந்த பெண் நடுவர் விடவில்லை. "இவரு பொண்டாட்டி சமையலுக்கே ஆறுதான் போட்டாராம்."

"ஏழு. ஆறு போட்டிருந்தா அவ என்னைய அன்னிக்கே பொதைச்சிருப்பா."

நல்ல மனிதர். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. மே மாதம் போட்டி இல்லாத ஒரு நாளில், பயிற்சிக்குச் சமைக்கிறேன், வந்து ருசி பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். பயிற்சிக்குப் போவதை விதி தடுக்கவில்லை. பட்டனையும் அழைத்துக்கொண்டு வந்தார். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரும் நாயும்தான்.

புயலுக்கு ஒதுங்குகிற நிலவறைக்குள் போனது என் திட்டம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். வானம் பச்சையாகி, சூறாவளி என்று ஊர்ச் சங்கு ஊதியது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு மூவரும் கொல்லையில் இருக்கிற அந்த அறைக்குள் இறங்கினோம். மண்ணுக்கடியில் சிமெண்டு அறை, தரையோடு படுத்த இரும்புக் கதவு, மேலே செங்கல்லால் கட்டிய ஒரு காற்றுத் துவாரம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிப்பு முன்னால வந்து நிக்குது, பன்னி அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குது."

"ஆறா ஐயா?"

"ஏழு வரைக்கும் வரலாம். ஒம்போது வேணும்னா வேற ஆளப் பாரு தாயி." சிரித்தார்.

அப்போது நான் கார்லண்டைப் பற்றிச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வருத்தப்பட்டார், அதில் பொய் இல்லை. ஆனால் இதையும் சொன்னார்: "செத்துப்போனவரு செஞ்சதுன்னு தெரிஞ்சதும் மதிப்பெண்ண ஏத்தினா, அப்புறம் நான் என்னத்துக்கு நடுவரு?"

அது சரியான பேச்சு. அதற்குப் பிறகு வேறு யாருடைய ஒன்பதும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சங்கு நின்றது. படி ஈரமாக இருக்கிறது, நீங்கள் இருங்கள், நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே வந்தேன். நாயும் கூடவே வந்தது. அந்தக் கதவுக்கு உள்ளே மட்டும்தான் தாழ்ப்பாள். புகையடுப்பு வண்டியை இழுத்துவந்து, இரண்டு சக்கரமும் கதவின் மேல் நிற்கிற மாதிரி நிறுத்தினேன். கொல்லையில் சமமான இடம் அது ஒன்றுதான் என்பதும் ஒரு காரணம். ஆலங்கட்டி விழும் என்று வானொலியில் சொன்னதால் அவருடைய காரைக் கொட்டகைக்குள் விட்டேன்.

அவரைத் துன்புறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு முறை சமைக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான். முதலில் கத்தினார். யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். காற்றுத் துவாரம் வழியாகப் பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பெட்டி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது, கறிக்கு அடியில் விரித்த கீரைகூட வாடவில்லை. தண்ணீரும் உப்பு பிஸ்கட்டும் இறக்கினேன். நடுவர் மேசையில் அவை இரண்டும் உண்டு.

அவருக்குச் சர்க்கரை நோய் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊசி மருந்து காரில் ஒரு பையில் இருந்தது, போனும் அதற்குள்தான். பையைக் கேட்டார். நான் மறுக்கவில்லை. மதிப்பெண் போட்டு முடிக்கும் வரை நடுவர் அணியிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. அதை அவரே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். பையை ஃப்ரிட்ஜில் வைத்தேன், மருந்து கெட்டுவிடக் கூடாது என்று.

இரண்டாவது பெட்டிக்கு அவர் பார்க்காமலே கத்தினார்: "ஒம்போது! எல்லாத்துக்கும் ஒம்போது! கதவத் தெற, தாயி!"

பயத்தில் சொன்ன ஒன்பது. அதை எடுத்துக்கொண்டால் நான் கார்லண்டின் கல்லறையில் போய் என்ன சொல்வது? ஐயா, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, நிதானமாகச் சாப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அழுதார். பிறகு என் தம்பியைப் பற்றிக் கேட்டார், நாயைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். துவாரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். சில சமயம் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தோம்.

செய்முறையில் நான் எதையும் மாற்றவில்லை. பழுப்புச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தேன், தேனை விட்டுவிட்டேன், அடுப்பிலிருந்து சற்று முன்னதாக எடுத்தேன். மற்றபடி அது கார்லண்டின் விலாதான்.

நீங்கள் அவரைத் தேடிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்களே, அன்று உங்களுக்கும் ஒரு தட்டு கொடுத்தேன். நீங்கள் அந்த அடுப்பு வண்டியில் சாய்ந்து நின்றுதான் சாப்பிட்டீர்கள். "எங்க வீட்டுக்காரிக்கு இதுல பாதி தெரிஞ்சா போதும்" என்றீர்கள். நீங்கள் நடுவர் இல்லை, இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் அப்போது குரல் கொடுக்கிற நிலையில் இல்லை. முந்தின நாளிலிருந்தே தண்ணீர் தண்ணீர் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார், மூச்சு வேகமாக வாங்கியது, வாந்தியும் எடுத்திருந்தார். எனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவள், ஆள் போகிற மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அந்தத் தட்டில் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அடுத்த விலா அடுப்பில் இருந்தது. பாதியில் எடுக்க முடியாது.

ஆமாம், நான்தான் அவரை அடைத்து வைத்தேன். மருந்தை நான்தான் கொடுக்கவில்லை. அவர் செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும் என்று இதை இப்படி நேராகச் சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு அந்த விலாவை எடுத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒன்று வந்ததில்லை, மஹாகனி மேசை மாதிரி நிறம். பெட்டியை இறக்கிவிட்டு மேலிருந்து கேட்டேன்.

"பார்வைக்கு, ஐயா?"

"ஒம்போது."

"ருசிக்கு?"

"ஒம்போது."

"மென்மைக்கு?"

அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கத்தவில்லை, கதவைத் திற என்று கேட்கவில்லை, அழவும் இல்லை. யோசித்துச் சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஒம்போது, தாயி."

உடனே வண்டியை நகர்த்தினேன். பையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்கினேன். அதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய தொப்பியை எடுத்து மடியில் வைத்தேன்.

அந்தப் பெட்டி கயிற்றோடு அப்படியே கிடந்தது, மூடியே திறக்கப்படவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். படமும் காட்டினீர்கள். நீங்கள் நடுவர் கூடாரத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, டெபுடி. அவ்வளவு வருடம் ருசி பார்த்தவருக்கு மூடியைத் திறந்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை. வாசனை போதும்.

சங்கத்துக்கு அனுப்பும்போது மூன்றிலும் ஒன்பது என்று எழுதுங்கள், கார்லண்டின் பெயரில். நடுவரின் பெயரையும் போட்டுவிடுங்கள். எமெட் ஐயா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.