நான்கு மில்லிமீட்டர் அரக்கன்

எனக்குப் பத்தே நிமிடம் என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் தலைவர் அவர்களே! வேலிச்செடிக்கு மருந்தடிக்கத் தீர்மானம் கொண்டுவந்திருக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் மூட்டுவலியோடு முந்திவந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கதவோரம் கைபேசியும் கையுமாக நிற்கும் இளையவர்களே! உங்கள் அனைவருக்கும் மூன்றாம் மாடிக் கிழவியின் காலை வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் உங்களைக் கை தூக்கச் சொல்வார்கள். தூக்கினால், வாசலிலிருந்து வாகன நிறுத்தம்வரை ஓடும் நாற்பதடி வேலி முழுவதும் நாளைக் காலை விஷம் விழும். யாரால்? செயலாளராலா? இல்லை. என்னால்! நான் எடுத்த ஒரே ஒரு படத்தால்!

பின்வரிசையில் "சத்தமா" என்கிறீர்கள். சத்தமாகவே சொல்கிறேன்: தவறு என்னுடையது!

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசக்கிறது, தெரியுமா? நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவள் நான். ஒரு கோடு முடியளவு விலகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வரைந்தவள். நான் படித்த கான்வென்டில் புவியியல் நடத்திய சிஸ்டர், அளவுகோல் குறிக்காத வரைபடத்தை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இது வரைபடமில்லை, பொய்" என்பார். என் தாளை அவர் ஒருமுறைகூடத் தூக்கிக் காட்டியதில்லை. அந்தப் பெருமையோடு எழுபத்தோரு வயதுவரை வாழ்ந்துவிட்டேன். அதற்குமேல் சறுக்கினேன்.

என் கணவருக்குப் படம் எடுப்பதில் ஆசை அதிகம். ஆனால் எப்போதும் தெருக்கோடியில் போய் நின்றுகொள்வார். "எல்லாரும் விழணும்ல!" என்பார். எல்லோரும் விழுந்தோம், கடுகளவில்! எங்கள் திருமணநாள் படங்களில் நான் எது, நாற்காலி எது என்று இன்றுவரை தெரியாது. அவர் போன பிறகு, ஒரு வளையம் வாங்கி, அவருடைய கேமராவில் அதே லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். அதிசயம்! மனிதரைக் கடுகாக்கிய கண்ணாடி, கடுகை மலையாக்கியது! ஈயின் கண்ணில் ஆயிரம் அறை கண்டேன். எறும்பின் காலில் சீப்பு கண்டேன். இலைப்பூச்சியின் இறகில் ஜன்னல் கண்டேன்!

எளிதான வேலையா அது? படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு தாளின் தடிமன்கூட இருக்காது. மூச்சுவிட்டால் போதும், பூச்சியின் கண் மங்கிக் கால் தெளியும். ஆகவே மண்டியிட்டு, முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் வேலிக்குள் தலையை விட்டிருந்தபோது நம் காவலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா, கம்மலா தொலைஞ்சிருச்சு?"

வாய் திறந்தால் படம் போய்விடும். நான் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று அவரும் குனிந்து கால்மணி நேரம் தேடினார். கம்மல் கிடைக்கவில்லை, தொலைந்தால்தானே கிடைக்க! ஆனால் இரண்டாம் மாடிக்காரர் ஆறு மாதமாகத் தேடிய ஸ்கூட்டர் சாவி கிடைத்தது. அதோ, கைதட்டுகிறாரே, அவர்தான்.

அன்று நான் எடுத்த படம்தான் அது. கறுத்த உடல், முதுகெல்லாம் முள், முதலைபோல் ஒரு தோற்றம், வாயில் பாதி தின்ற இன்னோர் உயிர். பூரித்துப்போய் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "நம் வேலியில் இன்று" என்று எழுதினேன். எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதவில்லை!

அரைமணியில் நாற்பது செய்திகள். "பூனையைத் தூக்கிட்டுப் போகுமா?" என்றார் ஒருவர். தரைத்தளத்தில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. "ஆன்ட்டி, இது மாடி ஏறுமா?" என்று செயலாளரின் மனைவி குரல் செய்தியில் அழுதார். மருந்தடிப்பவருக்குத் தேதி குறித்தாயிற்று.

நான் செயலாளர் வீட்டுக்கு ஓடினேன்.

"தம்பி, அது நாலு மில்லிமீட்டர்தான். உங்க சட்டை பட்டன்ல ரெண்டு சேர்ந்து படுத்துக்கும்."

"ஆன்ட்டி, படம் போட்டது நீங்கதானே? இப்ப குட்டி, சரி. பெருசானா?"

"பெருசானா என்னன்னு பத்து நாள்ல காட்டறேன். அதுவரைக்கும் மருந்து வேணாம்."

தம்பியும் முடிவை இன்றைய கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, பெரிதானால் என்னவாகும் என்று சத்தியமாக எனக்கும் தெரியாது! புத்தகத்தில் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? நானே கண்டு, நானே அளந்து, நானே சொல்லவேண்டும் என்ற பிடிவாதம். தினமும் போனேன். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு மில்லிமீட்டர் கோடு போட்டேன். அரக்கன் தின்றது நம் பூனையை அல்ல. செம்பருத்தி மொட்டின் சாற்றை உறிஞ்சும் செடிப்பேனை! எண்ணினேன், ஒரு காலையில் பதினெட்டு! ஐந்தாம் நாள் இலையில் ஒட்டிக்கொண்டு ஆரஞ்சுத் துளியாக உறைந்துபோனான். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது... அசைவில்லை. செத்துவிட்டானோ என்று பயந்தேன்.

இன்று பத்தாம் நாள். காலை எட்டேகால். செயலாளரின் மனைவி ஈரத்தலையில் துண்டோடு வந்து, காற்றுக்குக் குடை பிடித்தார். துளி வெடித்தது. உள்ளிருந்து மெல்ல மெல்ல, வெண்ணெய் நிறத்தில், உருண்டையாக...

"ஐயோ ஆன்ட்டி! பொறிவண்டு! புள்ளி மட்டும் காணோமே!"

ஆமாம் தாய்மார்களே! நம் குழந்தைகள் உள்ளங்கையில் ஏற்றி விளையாடும் அந்தப் பொறிவண்டின் பிள்ளைப் பருவம்தான் நாம் கொல்லத் துணிந்த அரக்கன்! "என்னங்க, உங்க அரக்கன் பொறந்திருக்கு, வந்து பாருங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் செயலாளர் ஒற்றைச் செருப்போடு வந்தார். கேமராவில் கண் வைத்தார். வெகுநேரம் அந்தக் கண்ணை எடுக்கவே இல்லை.

பெரியோர்களே! பெரிதாக்கிக் காட்டுவது பிழையல்ல. எவ்வளவு பெரிதாக்கினோம் என்று சொல்லாமல் விடுவதே பிழை! பூச்சிக்கும் அது பொருந்தும். நம் பேச்சுக்கும் அது பொருந்தும்! நான் மறைத்தது ஒரு சின்னக் கோடு. அதற்கு நாற்பதடி உலகம் விலையாகலாமா? என் பெருமை போகட்டும், வேலி நிற்கட்டும்!

தலைவர் கடிகாரத்தை எடுக்கிறார். முடித்துவிடுகிறேன். அதோ, வாசலில் காவலாளி இரண்டு கையையும் ஆட்டுகிறார். வண்டின் முதுகில் நிறம் ஏறிப் புள்ளி தெரிய ஆரம்பித்தால் சைகை காட்டச் சொல்லியிருந்தேன்!

செயலாளர் தம்பி எழுந்து ஏதோ சொல்கிறார். என்ன? வாபஸா? மைக்கில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பதிவேட்டிலும் எழுதுங்கள், தேதியோடு. எழுதிய பிறகு வெளியே வாருங்கள். எல்லோரும் வாருங்கள்! ஒருவர்பின் ஒருவராக, தள்ளக்கூடாது, பேசக்கூடாது, பார்க்கும்போது மூச்சுவிடக் கூடாது.

இந்தத் தள்ளாத வயதில் நான் செய்த தவற்றைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. குடை பிடித்த கைக்கு நன்றி. கிடைக்காத கம்மலைத் தேடியவருக்கும் நன்றி.

வணக்கம். முதலில் தலைவர் போகட்டும். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டார்!