ஏழாவது ஓசை

மேடம், உங்கள் ஸ்டேஷனில் இந்த மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் நல்லது. வியர்த்தால் பரவாயில்லை, எனக்குச் சத்தம்தான் ஆகாது. சத்துவாச்சாரியில் ஹைவேயைப் பார்த்த வீடு என்னுடையது; லாரிச் சத்தத்திலேயே பாதி ஆயுள் போயிற்று. மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. நடுவில் நான் எழுந்து நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள்.

பெயர் ஜெயசீலன். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் கழிவுநீர்ப் பிரிவு சூப்பர்வைசர். கெமிஸ்ட்ரி படித்தவன். பத்தொன்பது வருட சர்வீஸில் என்மேல் ஒரு புகார் கிடையாது, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வேலூரில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன். ரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று நம்பிய பழங்கால எகிப்துக் கூட்டத்தாரைப் பற்றியது. கிரேக்க மொழியின் ஏழு உயிரெழுத்துகள்தான் கடவுளின் மறைவான பெயர் என்பார்கள் அவர்கள். வானம் ஏழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலன். உடலை விட்டுப் போகிற உயிர் ஒவ்வொருவனிடமும் ஓர் ஓசையைச் சொன்னால் கதவு திறக்கும். அ, எ, ஏ, இ, ஒ, உ, ஓ. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் நம்மைப்போல அவர்களுக்கும் தனித்தனி. நம் வாய்க்கே அளந்து செய்தது போலிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் காலையில் மொட்டை மாடியில் நின்று சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அவை வெறும் எழுத்தாகத்தான் வந்தன. என் மனைவிகூட, இந்த வயசில் அரிச்சுவடியா என்று சிரித்தாள்.

கழிவுநீர்த் தொட்டியில் ஆள் இறங்கக்கூடாது என்பது சட்டம். தெரியும். ஆனால் சேறு அடைத்துக்கொண்டால் எங்கும் இறங்கத்தான் செய்கிறார்கள். இடுப்பில் கயிறு கட்டி, புளோயர் போட்டுக் காற்று உள்ளே அனுப்புவோம். இறங்கியவன் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். குரல் நின்றால் மேலே இருப்பவன் இழுக்கவேண்டும். முன்பெல்லாம் வாய்க்கு வந்ததைக் கத்துவார்கள். அதை மாற்றி அந்த ஏழு ஓசைகளையும் வரிசையாகச் சொல்லவைத்தேன். கேஸ் தலைக்கு ஏறினால் வரிசை குழறும், உடனே இழுத்துவிடலாம். நல்ல யோசனைதானே? மேனேஜரே பாராட்டினார்.

போன மழைக்காலத்தில் கோதண்டபாணி என்று ஒருவர் இறங்கினார். திடீரென்று குரல் மாறியது. ஐந்தாவது ஓசை அவர் தொண்டையிலிருந்து வந்ததாகவே தெரியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யோசிப்பதற்குள் கை இழுத்துவிட்டது. வாந்தி எடுத்தார், இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். உயிரைக் காப்பாற்றினேன் என்று எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள். நான்தான் பேஜாராகிப்போனேன். இன்னும் இரண்டு பாக்கி இருந்ததே, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று மாதக்கணக்காக அதே நினைப்பு.

பிறகுதான் செல்வகுமாரை லோடிங்கிலிருந்து என் பிரிவுக்கு மாற்றினேன். பள்ளிகொண்டாப் பையன், இருபத்தாறு வயது. மார்கழி பஜனையில் பாடிப் பழகிய குரல், நீளமான மூச்சு. எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி கத்தச் சொல்கிறீர்களே என்று கிண்டல் செய்வான், ஆனால் ஒரு தடவையும் வரிசை தப்பியதில்லை. ஐந்து முறை இறக்கினேன். ஐந்து முறையும் சிரித்துக்கொண்டே மேலே வந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. காற்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. அந்த புளோயர் இரைச்சலில் குரலும் சரியாகக் கேட்காது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு புளோயரை நிறுத்தினேன். கரண்ட் இல்லை, சின்ன வேலைதான், முடித்துவிடலாம் என்றேன். விஷவாயு அளக்கிற கேஸ் மீட்டர் என் மேஜை டிராயரில் இருந்தது. உடன் இருந்தவனை டீ வாங்க அனுப்பினேன். செல்வகுமார் ஒரு நிமிஷம் தொட்டியைப் பார்த்தான்.

"நீங்க மேல இருக்கீங்கல்ல சார், அது போதும்" என்று இறங்கினான்.

தொட்டி வாயருகே போனில் ரெக்கார்டிங் போட்டு வைத்தேன். முதல் இரண்டு சுற்று சாதாரணம். மூன்றாவதில் ஏகாரம் உடைந்தது. நியாயப்படி அப்போதே இழுத்திருக்கவேண்டும். நான்காவது சுற்றில் வந்தது, மேடம். அவன் குரலே இல்லை அது. ஒவ்வொன்றும் ஒரு கதவு திறப்பதுபோல் கேட்டது. நின்ற இடத்தில் அழுதுவிட்டேன்.

கயிறு என் கையில்தான் இருந்தது. இழுக்கத் தெம்பும் இருந்தது, நேரமும் இருந்தது. இழுத்தால் பாதியில் நின்றுவிடும் என்று பிடித்தபடியே இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், இதை நான் மறுக்கப்போவதில்லை.

அவன் மனைவி பூங்குழலி ஷூ கம்பெனியில் தைக்கிற பெண். யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள்.

"கடைசியா இன்னா சொன்னாரு சார்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

கடவுளின் பெயரை முழுதாகச் சொல்லிவிட்டுப் போனான் என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஆறுதலை அவளுக்கு வேறு யார் தந்திருக்கமுடியும்?

ரெக்கார்டிங்கில் ஏழாவது ஓசை இல்லை என்கிறீர்கள். போனில் பிடிபடாமல் போயிருக்கும், நான் கேட்டேன். ஆறாவதுக்குப் பிறகு, "சார், இழுங்க சார்" என்று இரண்டு முறை தெளிவாகக் கேட்கிறது என்கிறீர்கள். உண்மைதான், எனக்கும் அன்றே கேட்டது. அது அந்தப் பெயரில் சேராத சொல், மேடம். அவன் அதை நிறுத்தட்டும் என்று காத்திருந்தேன்.