இந்த மாசத்துச் சாம்பிள்

இல்லைங்க சார், அந்தப் பக்கம் போகாதீங்க, வழுக்கும். தொட்டிய இங்கேருந்தே பாக்கலாம். ஆமா, நாத்தந்தான். எனக்குப் பழகிருச்சு. எங்க அக்காதான், நான் வாசல்ல கால் வைக்கும்போதே சோப்ப எடுத்து வீசும்.

நான்தான் சார் ஆபரேட்டரு. பானுப்ரியா. ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க, டிப்ளமோ முடிச்சிருக்கேன். சாம்பிளோட வந்த சீட்டுல கையெழுத்துப் போட்டது நான்தான். கிறுக்குன மாதிரி இருக்கா? சித்தார்த் சாரும் அப்படித்தான் சொல்வாரு. காண்ட்ராக்டரோட சூப்பர்வைசரு. போன் போட்டுப் பாருங்களேன். மாசுக்கட்டுப்பாட்டுலேருந்து நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா சத்தியமா எடுக்க மாட்டாரு.

கரைத்தெரு நூத்திப்பத்து வீடு சார். கக்கூஸ் தண்ணி, குளிக்கிற தண்ணி, எல்லாம் இங்கதான் வருது. காத்தடிச்சு, தெளிய வச்சு, மருந்து போட்டு, அப்புறம் கொள்ளிடத்துல விடணும். விடணும். காத்தடிக்கிற மோட்டாரு ஆடியிலயே போயிருச்சு. காயில் கட்ட திருவெறும்பூருக்குக் குடுத்திருக்குன்னாங்க. இப்ப தை. நானே ஒருநாள் பஸ் ஏறிப் போனேன் சார். பட்டறைக்காரரு, அப்படி ஒரு மோட்டாரே இங்க வரலையேம்மாங்கிறாரு.

ஆபீசுல எழுதிக் குடுத்தேனே, மூணு தடவ. மூணாவதுக்குப் பதில் வந்துச்சு. தங்கள் மனு கிடைக்கப் பெற்றதுன்னு.

நீங்க திட்டவே மாட்டேங்கிறீங்க சார். திட்டிட்டாக்கூட தேவலை. ரிப்போர்ட்ட மடிக்கிறதும் பிரிக்கிறதுமா நிக்கிறீங்க, அதான் என்னவோ பண்ணுது. சரி, சொல்லிடுறேன்.

மோட்டார் போனதுலேருந்து சாம்பிள் கேன்ல இந்தத் தண்ணி புடிக்கிறதில்ல. போர்த் தண்ணி. ரிசல்ட்டு நல்லா வரலைன்னா காண்ட்ராக்ட் போயிரும், அப்புறம் உனக்கேதும்மா வேலைன்னாரு சித்தார்த் சாரு. புடிச்சேன். வெறும் போர்த் தண்ணி பளிச்சுன்னு இருந்தா லேப்ல சந்தேகப்படுவாங்கன்னு ரெண்டு சொட்டு பாலு விடுவேன். லேசாக் கலங்கும். படிச்ச படிப்பு அதுக்குத்தான் ஒதவுச்சு. ஆறு மாசமும் பாஸு. நல்லாப் பராமரிக்கிறீங்கன்னு ஒரு தடவ எழுதிக்கூட அனுப்பினாங்க. இந்த மாசந்தான் பெயிலு.

கேன் அழுக்கா இருந்திருக்குமா? இல்ல சார், கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திக் கழுவுவேன். அந்த ஒண்ணுல நான் ஏமாத்தினதே இல்ல. பாலும் கெடையாது, இந்த மாசம் பாலு திரிஞ்சு போச்சு, அப்படியேதான் குடுத்தேன். பாலுல மலக்கிருமி வராதுல்ல சார்? அதுவும் சாக்கடைத் தண்ணிக்கு வச்சிருக்கிற அளவையே தாண்டுற மாதிரி?

தொட்டி அடியில விரிசல் விட்டிருக்கும்னு நெனைக்கிறேன். காத்தடிக்காம மாசக்கணக்கா தேங்கி நிக்கிதுல்ல, கீழ எறங்கி போருல கலந்திருக்கும்.

எந்த போரா? பிளாண்ட்டுல ஏது சார் போரு. கேட்டுக்கு வெளிய, நீங்க வண்டி விட்டிருக்கீங்கள்ல, பக்கத்துல குழாய். கொடம் வரிசையா இருக்கே, அதான். பெரிய லைன் எங்க பக்கம் இன்னும் வரல. நூத்திப்பத்து வீட்டுக்கும் குடிக்க அது ஒண்ணுதான்.

தெருவுல சொல்லாதது வேலைக்காக இல்ல சார். வேலை போனா போகட்டும். போயிச் சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்கல்ல. சாம்பிளுக்கு அதத்தான் புடிச்சேன்னு அந்தத் தெருவுலயே நின்னு எப்படிச் சொல்றது? வாய் வர மாட்டேங்குது. எதிர்வீட்டு ரோசரியக்கா மகனுக்கு வயித்தால போகுதுன்னு நேத்து ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. நானும்தான் ஆட்டோவுல கூடப் போனேன். புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, வெளிய என்னத்தடா வாங்கித் தின்னேன்னு அந்தக்கா அவனத் திட்டிக்கிட்டே வருது. நான் சன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

உங்க ரிப்போர்ட்டு எனக்கு நாலு நாளைக்கு முன்னாடியே வாட்சப்புல வந்துருச்சு சார். அன்னையிலேருந்து எங்க வீட்டுல மட்டும் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.